நோட்டீஸில் இல்லாத பேர்: ப்ராக் ராக் கிட்டாரிஸ்டுகளும் மன்னார்குடி மாமாவும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பாட்டுத் துணுக்குகளும் பேச்சில் திரும்ப வந்த இடங்களும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

கொஞ்ச நாள் முன்னாடி "இளைய நிலா" பாட்டைப் பத்தி ஒரு எபிசோட் போட்டேன், ஞாபகம் இருக்கா? 1982, "பயணங்கள் முடிவதில்லை". அந்த கிட்டார் ஆரம்பத்தைப் பத்தி மட்டும் பத்து நிமிஷம் பேசினேன். தமிழ்நாட்டுல கிட்டார் வாங்குற பாதிப் பேரு அந்தப் பாட்டை வாசிக்கணும்னுதான் வாங்குறாங்கன்னு எல்லாம் சொன்னேன். எஸ்.பி.பி. பேரைச் சொன்னேன், வைரமுத்து பேரைச் சொன்னேன், இளையராஜா பேரை இருபது தடவை சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில மன்னார்குடியில இருந்து எங்க மாமா போன் பண்ணார். அம்மாவோட தம்பி. பந்தலடி பக்கத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார்.

"மாப்ள, கேட்டேன். நல்லா இருந்துச்சு. ஆனா அந்த கிட்டாரை யாருடா வாசிச்சது?"

எனக்குத் தெரியலை. பத்து நிமிஷம் பேசியிருக்கேன், அந்தக் கேள்வி மண்டையில தோணவே இல்லை.

"சந்திரசேகர்டா. ஆர்.சந்திரசேகர். நீயே சொல்லலைன்னா வேற எவன் சொல்லுவான்?" போனை வச்சுட்டார்.

மாமாவுக்கு ஏன் அவ்வளவு கோபம்? அவரும் ஒரு கிட்டாரிஸ்ட். 1980களோட நடுவுல இருந்து ஒரு பத்து வருஷம், டெல்டா முழுக்கச் சுத்தின ஒரு லைட் மியூசிக் குழுவுல லீட் கிட்டார். நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம்னு எங்க திருவிழா நடந்தாலும் போவாங்க. நான் அப்ப பொறக்கலை. நான் பார்த்ததெல்லாம் பரண் மேல இருந்த காலி கிட்டார் பெட்டி மட்டும்தான்.

இந்த வாரம் நான் பேச நினைச்ச தலைப்பே வேற. ப்ராக்ரசிவ் ராக்ல கவனிக்கப்படாத கிட்டாரிஸ்டுகள். ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுட்டு இருந்தீங்க. மாமா போனுக்கு அப்புறம் அதே தலைப்பை வேற மாதிரி பார்க்க வேண்டியதாயிடுச்சு. ஒருத்தர் கவனிக்கப்படாம போறது எப்படி நடக்குது? திறமை குறைஞ்சதாலயா? இல்ல, நாம பேர் எழுதுற பழக்கத்துல எங்கயோ கோளாறா?

அதனால நான் மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறி ஊருக்குப் போனேன். லேப்டாப், ரெக்கார்டர், நல்லதா ஒரு ஹெட்போன். மாமாவுக்கு ப்ராக் ராக் போட்டுக் காட்டணும்.

முதல்ல, ப்ராக் ராக்னா என்ன?

புதுசா வந்தவங்களுக்காகச் சுருக்கமா. 1960களோட கடைசியில இங்கிலாந்துல சில ராக் குழுக்களுக்கு மூணு நிமிஷப் பாட்டு போதலை. மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாத்தையும் உள்ள இழுத்தாங்க. பாட்டு பத்து நிமிஷம், இருபது நிமிஷம்னு நீண்டது. 1969இல் வெளிவந்த கிங் கிரிம்சனோட "இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்" ஆல்பத்தை நிறைய பேர் இதோட தொடக்கப் புள்ளியாச் சொல்வாங்க. அப்புறம் யெஸ், ஜெனசிஸ், பிங்க் ஃபிளாய்ட்.

தாளமும் மாறிச்சு. வழக்கமான ராக் நாலு நாலா எண்ணும். இவங்க ஏழு, ஒன்பது, பதிமூணுன்னு போனாங்க. பிங்க் ஃபிளாய்டோட "மணி" பாட்டு ஏழுல ஓடும். மேற்கத்திய ரசிகர்கள் அதைப் பெரிய புதுமையா கொண்டாடினாங்க. மாமாவுக்குப் போட்டேன். தொடையில தட்டிப் பார்த்தார். "தகிட தகதிமி... மிஸ்ர சாப்புடா. இதுல என்ன இருக்கு?"

சரி, அது போகட்டும். கிட்டாருக்கு வருவோம்.

ஓரத்துல உட்கார்ந்திருந்தவர்

ஸ்டீவ் ஹாக்கெட். 1970 கடைசியில "மெலடி மேக்கர்" பத்திரிகையில ஒரு விளம்பரம் கொடுத்தார், தன் மாதிரி யோசிக்கிற இசைக்கலைஞர்களைத் தேடி. அதைப் பார்த்துட்டு ஜெனசிஸ் குழு அவரைக் கூப்பிட்டது. 1971 நவம்பர்ல அவர் வாசிச்ச முதல் ஜெனசிஸ் ஆல்பம் "நர்சரி கிரைம்" வந்தது.

அந்த ஆல்பத்துல "தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயண்ட் ஹாக்வீட்"னு ஒரு பாட்டு. ஆரம்பத்துல வர்ற கிட்டாரைக் கேளுங்க. வேகமா, ஏதோ ஆர்கன் மாதிரி ஒலிக்கும். அதுக்குப் பேரு டாப்பிங். சாதாரணமா கிட்டார்ல இடது கை தந்தியை அழுத்தும், வலது கை மீட்டும். டாப்பிங்ல வலது கை விரலும் கழுத்துப் பக்கம் வந்து தந்தியைத் தட்டி ஸ்வரம் எழுப்பும். ரெண்டு கையும் அழுத்துறதால விரல் எட்டாத தூரத்துல இருக்கிற ஸ்வரங்களையும் பின்னலாம்.

ராக் ரசிகர்கள்ட்ட டாப்பிங்னு சொன்னா உடனே வர்ற பேர் எடி வான் ஹேலன். 1978ல அவரோட "எரப்ஷன்" வந்தப்ப உலகமே வாயைப் பிளந்தது. ஹாக்கெட் அதை ரெக்கார்டுல வாசிச்சது ஏழு வருஷத்துக்கு முன்னாடி. ஹாக்கெட்டுக்கு முன்னாலயும் இந்த உத்தியைத் தொட்டவங்க இருக்காங்க, அதனால "கண்டுபிடிச்சவர் இவர்தான்"னு நான் சண்டைக்கு வரலை. வான் ஹேலன் மேதை, அதுலயும் சந்தேகம் இல்லை. என் கேள்வி ஒண்ணுதான்: ஏழு வருஷம் யாருக்கும் ஏன் கண்ணுல படலை?

மேடையைப் பாருங்க, பதில் கிடைச்சிடும். ஜெனசிஸோட பாடகர் பீட்டர் கேப்ரியல். 1972ல சிவப்பு கவுன் போட்டு, தலையில நரி முகமூடி மாட்டி மேடைக்கு வந்தார். அப்புறம் பூ முகமூடி. பத்திரிகை கேமரா எல்லாம் அவர் பக்கம். ஹாக்கெட் அந்த வருஷங்கள்ல மேடையோட ஓரத்துல நாற்காலியில உட்கார்ந்து, குனிஞ்சு தன் கையைப் பார்த்து வாசிச்சுட்டு இருந்தார்.

1973ல "செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்". அதுல "ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்". பாட்டோட நடுவுல ஒரு மெட்டு முதல்ல புல்லாங்குழல்ல சின்னதா வந்துட்டுப் போகும். கொஞ்ச நேரம் கழிச்சு அதே மெட்டை ஹாக்கெட் கையில எடுப்பார். அவசரமே இல்ல. ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சா அது கரைஞ்சு காணாம போற வரைக்கும் விடமாட்டார். வேகம் காட்டவே காட்டாத ஒரு சோலோ. ப்ராக் ராக்ல நான் அதிகமா கேட்டது இதுதான்.

பாட்டுகளை எழுதினவங்க யார்னு அட்டையைப் பார்த்தா, குழுவோட அஞ்சு பேரும்னு பொதுவா இருக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனா எந்த யோசனை யாருடையதுன்னு வெளியில இருக்கறவனுக்குத் தெரியாது. 1975ல கேப்ரியல் விலகினார், அது பெரிய செய்தி. 1977ல ஹாக்கெட் விலகினார். மிச்சம் இருந்த மூணு பேரும் அடுத்த ஆல்பத்துக்கு "அப்புறம் மூணு பேர் இருந்தாங்க"ங்கிற மாதிரி தலைப்பு வச்சு முன்னேறிப் போயிட்டாங்க.

மாமா ஹெட்போனைக் கழட்டாமயே கேட்டார்: "இவர் உட்கார்ந்துதான் வாசிப்பாரா?"

"அப்பல்லாம் ஆமா மாமா."

"நானும்தான். எனக்கு நாற்காலி எல்லாம் போடமாட்டாங்க. ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல உட்கார்ந்துக்குவேன். போட்டோ எடுத்தா பாதி ஆளுதான் விழும்."

கிட்டார்ல மூச்சு விட்டவர்

அடுத்தவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த். 1946ல இங்கிலாந்தோட பிராட்ஃபோர்டுல பிறந்தவர். அவருக்கு கிட்டார் மேல ஆசையே இல்லை. சாக்ஸபோன்தான் வாசிக்கணும்னு நினைச்சார். கையில கிடைச்சது கிட்டார்.

அந்த ஏமாற்றத்துல இருந்துதான் அவரோட பாணி பிறந்தது. கிட்டாரை மீட்டினா "டங்"னு ஒரு தட்டல் வரும், அப்புறம் ஒலி தேயும். ஊதுற வாத்தியத்துல அப்படி இல்லை, மூச்சு இருக்கிற வரைக்கும் ஸ்வரம் ஓடும். இவர் வலது கையால மீட்டுறதைக் குறைச்சார். இடது கை விரலால தந்தியை அழுத்தியே அடுத்த ஸ்வரத்தை எழுப்பினார். இதுக்கு லெகாட்டோன்னு பேரு. அவர் வாசிச்சா ஒரு மூச்சுல ஊதின மாதிரி நீளமா வரும்.

சாஃப்ட் மெஷினோட "பண்டில்ஸ்" 1975ல. காங் குழுவோட "கசூஸ்" 1976ல. 1978ல "யு.கே."ங்கிற குழுவோட முதல் ஆல்பம். அதுல "இன் தி டெட் ஆஃப் நைட்" பாட்டுல அவரோட சோலோ. ஒரே வரிசையில இவ்வளவு குழுக்களைச் சொல்றேனே, அதுதான் அவரோட பிரச்சினையும். எங்கயும் நிலைக்கலை. ஒரு குழுவோட ரசிகர்கள் அவரைத் தங்க ஆளா நினைக்கறதுக்குள்ள அடுத்த இடத்துக்குப் போயிடுவார்.

1982ல தனியா ஒரு ஆல்பம் கொண்டு வந்தார். பேரு "ஐ.ஓ.யு.". கடன் சீட்டுல எழுதுவாங்களே, "உனக்கு இவ்வளவு பாக்கி"ன்னு, அந்த அர்த்தம். எடி வான் ஹேலன் இவரோட தீவிர ரசிகர். அவர் சிபாரிசுலதான் பெரிய கம்பெனி ஒண்ணு ஹோல்ட்ஸ்வொர்த்தை எடுத்தது, 1983ல "ரோட் கேம்ஸ்" வந்தது. ஃப்ராங்க் சப்பா அவரைப் பாராட்டினார். உலகத்துல பெரிய கிட்டாரிஸ்ட் யார்கிட்ட கேட்டாலும் இவர் பேரைச் சொல்வாங்க. தெருவுல யாரையாவது கேட்டா தெரியாது.

2017 ஏப்ரல்ல அவரோட ஆல்பங்களைச் சேர்த்து 12 சிடி கொண்ட ஒரு தொகுப்பு வெளிவந்தது. தலைப்பு "கிட்டாரை என்றைக்குமாக மாற்றிய மனிதர்"ங்கிற அர்த்தத்துல. சில நாள்ல, அதே ஏப்ரல் 15, அவர் இறந்துட்டார். 70 வயசு. இறுதிச் சடங்கு செலவுக்குக் குடும்பத்துக்காக இணையத்துல பணம் திரட்ட வேண்டியிருந்தது. சில நாள்லயே ஒரு லட்சம் டாலருக்கு மேல குவிஞ்சுது. கொடுத்தவங்க பாதிப்பேர் கிட்டாரிஸ்டுகளா இருந்திருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். உயிரோட இருந்தப்ப அந்தப் பணம் எங்க போச்சுங்கற கேள்வி மட்டும் தொண்டையில நிக்குது.

மாமா "இன் தி டெட் ஆஃப் நைட்" சோலோவைக் கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் ஒரே வார்த்தை சொன்னார்.

"நாயனம்."

"என்ன மாமா?"

"கிட்டார் இல்லடா இது. நாயனம். பெரிய கோயில்ல சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறாங்க பாரு, அந்த மாதிரி மூச்சு பிடிச்சிருக்கான்."

அவருக்கு சாக்ஸபோன் கதையை நான் இன்னும் சொல்லவே இல்லை.

காசெட் அட்டையில இல்லாதவங்க

இப்ப கோடம்பாக்கத்துக்கு வருவோம், மாமா கேட்ட கேள்விக்கு.

இளையராஜாவே முதல்ல கிட்டாரிஸ்ட்தான். 1976ல "அன்னக்கிளி" வர்றதுக்கு முன்னாடி ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்தார், சலில் சௌத்ரியோட பாட்டுகளுக்கு கிட்டார் வாசிச்சிருக்கார். அதனாலதான் அவர் பாட்டுகள்ல கிட்டாருக்கு அவ்வளவு இடம். அவர் எழுதின நோட்ஸை வாசிச்சவங்க: கிட்டார்ல ஆர்.சந்திரசேகர், சதானந்தம். பேஸ் கிட்டார்ல சசிதரன். சந்திரசேகரோட சகோதரர் புருஷோத்தமன், டிரம்ஸ். ராஜா பாட்டுகளோட ரிதமை நினைச்சாலே இவர் கைதான்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. இப்ப மாதிரி ஒருத்தர் தனியா வந்து வாசிச்சு, தப்பானா அந்த ரெண்டு செகண்டை மட்டும் திருத்துறது கிடையாது. வயலின், டிரம்ஸ், கிட்டார், பாடகர்னு எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும். நாலாவது நிமிஷத்துல கிட்டாரிஸ்ட் விரல் வழுக்கினா எல்லாரும் முதல்ல இருந்து. "இளைய நிலா" மாதிரி ஆரம்பத்துல இருந்து கடைசி வரை கிட்டார் ஓடுற பாட்டுல அந்த ஆள் மேல எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

படம் ஓடிச்சு. நடிகர் மோகன் "மைக் மோகன்" ஆனார். காசெட் வித்துது. அட்டையில படத்தோட பேர், இசையமைப்பாளர் பேர், பாடகர்கள் பேர், பாடலாசிரியர் பேர். வாசிச்சவங்க பேருக்கு இடம் இல்லை. யாரும் சதி பண்ணலை. அந்தத் தொழில்ல அதுதான் வழக்கம். கால்ஷீட்டுக்குக் காசு வாங்கிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போயிட்டே இருப்பாங்க. ஹாக்கெட்டையாவது மேடை ஓரத்துல பார்க்க முடிஞ்சது. இவங்களைக் கண்ணால பார்க்கக்கூட வழியில்லை. நம்ம வீட்டு டேப் ரெக்கார்டர்ல தினமும் வாசிச்சாங்க, ஆனா யாருன்னு தெரியாது.

மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? "ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லித்தான். சென்னைக்குப் போய் வந்த கீபோர்டுகாரன் சொன்னான். எந்தப் பாட்டுல யார் வாசிச்சதுன்னு வேன்ல போகும்போது பேசிக்குவோம். எங்களுக்கு அதான் பள்ளிக்கூடம்."

நோட்டீஸ்

அன்னைக்கு சாயங்காலம் மாமா ஒரு பழைய ஃபைலை எடுத்தார். உள்ள ரெண்டு நோட்டீஸ். ரெண்டும் பங்குனித் திருவிழா சமயத்துல அடிச்சது. எங்க ஊர் ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனி உற்சவம் 18 நாள். வெண்ணெய்த்தாழி அன்னைக்கு ஊரே தெருவுல நிக்கும். அந்த நாட்கள்ல ஊருக்குள்ள பாட்டுக் கச்சேரி, லைட் மியூசிக் ரெண்டும் நடக்கும்.

முதல் நோட்டீஸ் மாமாவோட குழு. பெருசா குழுவோட பேர். ரெண்டு பாடகர், ஒரு பாடகி பேர். கீழ சின்னதா "மற்றும் குழுவினர்". மாமா அந்த "மற்றும்" மேல விரலை வச்சார். "நான் இதுக்குள்ள இருக்கேன்."

ரெண்டாவது ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி நோட்டீஸ். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். வாய்ப்பாட்டு இன்னார். வயலின் இன்னார். மிருதங்கம் இன்னார். கடம் இன்னார். ஒவ்வொருத்தர் பேருக்கு முன்னாடியும் அவங்க ஊர். மன்னார்குடி ஈஸ்வரன்னு சொன்னா மிருதங்கம்னு சங்கீதம் தெரிஞ்ச யாருக்கும் தெரியும். எங்க ஊர் பேரை அவர் உலகம் முழுக்கத் தூக்கிட்டுப் போயிருக்கார். பக்கவாத்தியம்னு பேர் வச்சாலும் அவர் பேர் நோட்டீஸ்ல உண்டு. கச்சேரி நடுவுல தனி ஆவர்த்தனம் உண்டு, அப்ப பாடகர் வாயை மூடிக்கிட்டுத் தாளம் போட்டுட்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த உலகத்துல எல்லாம் நியாயமா நடந்துதுன்னு நான் சொல்ல வரலை. யார் மேடை ஏறலாம், யார் ஏறக்கூடாதுன்னு அங்க இருந்த சாதிக் கணக்கு பெரிய கதை, அதுக்குத் தனி எபிசோடே வேணும். ஆனா பேர் போடுற இந்த ஒரு பழக்கம், மேடையில வாசிக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் ஊரோட அச்சடிக்கிற பழக்கம், நம்மகிட்ட ரொம்ப காலமா இருந்திருக்கு. சினிமாவும் லைட் மியூசிக்கும் வந்தப்ப அதை நாமதான் வாசல்ல விட்டுட்டு வந்துட்டோம்.

கட்டை இல்லாத கிட்டார்

பேர் போட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா? இல்லைன்னு எங்க ஊர்க் கதையே சொல்லுது. அதுக்கு ஒரு சின்ன சுத்து வழி போகணும்.

கிட்டார்ல நம்ம சங்கீதம் வாசிக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. கிட்டார் கழுத்துல உலோகக் கட்டைகள், அதாவது ஃப்ரெட். ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்குப் படிக்கட்டு மாதிரி தாவும். நம்ம கமகம் சரிவுல வழுக்கிப் போறது. வீணையிலயும் மெட்டுகள் உண்டு, ஆனா அதெல்லாம் மெழுகு மேல உயரமா நிக்கும், தந்தியை இழுத்தா ஸ்வரம் வளையும். ஜான் மெக்லாஃப்லின், 1971ல மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சவர், அமெரிக்காவுல எஸ்.ராமநாதன்கிட்ட வீணை படிச்சார். அப்புறம் சக்தி குழுவுக்காகத் தன் கிட்டார்ல கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மரத்தைக் குழிச்சு எடுத்துட்டார், வீணை மாதிரி இழுக்கறதுக்காக. மெக்லாஃப்லின் பேர் எல்லாருக்கும் தெரியும். 1980கள்ல சென்னையில எலெக்ட்ரிக் கிட்டார்ல முழு கர்நாடகக் கச்சேரி வாசிச்ச சுகுமார் பிரசாத் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொச்சி மதர்ஜேன் குழுவோட "மக்தூப்" ஆல்பத்துல, 2008, பைஜு தர்மஜன் கிட்டாரைக் கேட்டிருக்கீங்களா? அகம் பாட்டைக் கேட்கிற உங்கள்ல எத்தனை பேருக்கு அதோட லீட் கிட்டாரிஸ்ட் டி.பிரவீண் குமார்னு தெரியும்? எனக்கும் இந்த வாரம் தேடித்தான் தெரிஞ்சுது.

இன்னொரு வழி, கட்டையே வேண்டாம்னு விட்டுடறது. தந்தி மேல ஒரு உருளையை வச்சு வழுக்கறது. ப்ராக் ராக்ல ஸ்லைடு கேட்டிருப்பீங்க: பிங்க் ஃபிளாய்டோட "பிரீத்"ல டேவிட் கில்மர், யெஸ்ஸோட "ரிலேயர்" ஆல்பத்துல "சூன்"ங்கிற பகுதியில ஸ்டீவ் ஹோ. மிதக்குற மாதிரி ஒரு ஒலி.

நம்ம டெல்டாவுல அதுக்குப் பேரு கோட்டுவாத்தியம். இப்ப சித்திரவீணைன்னும் சொல்வாங்க. பார்க்க வீணை மாதிரி, ஆனா மெட்டே கிடையாது. இடது கையில கருங்காலிக் கட்டை உருளை, அதைத் தந்தி மேல தேய்ச்சுக்கிட்டே போகணும். எங்க நிறுத்தணும்னு காட்ட எந்த அடையாளமும் இல்லை, காதுதான் வழி. வாசிக்கிற தந்திகளுக்கு அடியில, தானா அதிர்ற தந்திகள் வேற. திருவிடைமருதூர் சகாராம ராவ் இதுல பெரிய பேர். செம்மங்குடி சீனிவாச ஐயர் சின்ன வயசுல அவர்கிட்டயும் படிச்சவர். அவரோட சிஷ்யர் நாராயண ஐயங்கார் மைசூர் அரண்மனை வரைக்கும் போனார். தஞ்சாவூர் பக்கத்துல பூதலூர்ல இருந்து கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, கலாக்ஷேத்திராவுல ஆசிரியரா இருந்தார்.

இந்த வரிசையில இன்னொரு பேர். மன்னார்குடி சாவித்திரி அம்மாள்.

கோட்டுவாத்தியக் கலைஞர். இந்த வாத்தியத்துல பேர் வாங்கினவங்கன்னு பட்டியல் போட்டா அதுல வர்றவங்க. பேருக்கு முன்னாடியே எங்க ஊர் இருக்கு. நான் பதினேழு வயசு வரைக்கும் அந்த ஊர்ல வளர்ந்தேன். கில்மரோட ஸ்லைடைப் பத்தி இன்டர்நெட்ல சண்டை போட்டிருக்கேன். இவங்க பேரை இந்த வாரம்தான் முதல் தடவை படிச்சேன். மேலராஜவீதியில இருந்து ஹரித்ராநதி தெப்பக்குளம் வரைக்கும் நடந்து, தெரிஞ்ச பத்துப் பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை. மாமாவுக்கும் தெரியலை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கிப் போச்சு.

இவங்களுக்குப் பேர் போட்டாங்க, ஊரோட சேர்த்துப் போட்டாங்க. ஆனா கோட்டுவாத்தியம் கத்துக்கிறவங்க குறைஞ்சாங்க, கேட்கிறவங்க குறைஞ்சாங்க. பேரைச் சொல்ற வாய் இல்லாம போச்சு. அவங்க ஊர் பேரைச் சுமந்தாங்க, ஊர் அவங்க பேரைச் சுமக்கலை.

"மன்னார்குடி மதிலழகு"ன்னு சொல்வாங்க. பெரிய கோயில் மதிலைப் பார்த்தா நம்ம ஊர்க்காரனுக்கு நெஞ்சு நிமிரும். அழகு எதுன்னு நமக்கு நல்லாத் தெரியுது. யார் கைன்னு கேட்கிற பழக்கம்தான் கொஞ்சம் கம்மி.

அந்தப் பெட்டி ஏன் காலி?

ராத்திரி சாப்பிட்டுட்டு மாடியில உட்கார்ந்திருந்தோம். கிட்டார் எங்க மாமான்னு கேட்டேன். இவ்வளவு வருஷமா நான் கேட்டதே இல்லை.

"90கள்ல நல்ல கீபோர்டு எல்லாம் வந்துடுச்சு. அதுலயே கிட்டார் சவுண்டு இருக்கு, ஃப்ளூட் சவுண்டு இருக்கு. ஒரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம். கச்சேரிக்குக் கூப்பிடுறது குறைஞ்சுது. திடீர்னு எல்லாம் நிறுத்தலை. இந்த வாரம் வேன்ல இடம் இல்ல அண்ணேம்பாங்க. அடுத்த வாரமும் இடம் இருக்காது." சிரிச்சார். "உங்கக்கா கல்யாணத்துக்கு முன்னாடி வித்தேன். பெட்டியை அவன் வேண்டாம்னுட்டான்."

"கச்சேரியில யாராவது நல்லா வாசிச்சீங்கன்னு சொல்லியிருக்காங்களா?"

யோசிச்சார். "ஒரே ஒரு தடவை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். 'இளைய நிலா' முடிஞ்சுது. எல்லாரும் பாடினவருக்குக் கை தட்டுறாங்க. ஒரு பொடியன் மேடைக்குப் பின்னாடி வந்து என் கையை வாங்கிப் பார்த்தான். விரல் நுனியைத் தொட்டுப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம ஓடிட்டான்."

கிட்டார் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். அந்த விரல் நுனி காய்ச்சுப் போய் இருக்கும்.

இந்த எபிசோடுல உங்க பேரைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார். ரெண்டு தடவை கேட்டேன். "என் பேரைப் போட்டு என்ன ஆகப்போகுது? நான் இன்னொருத்தர் வாசிச்சதைத்தானே வாசிச்சேன். அவர் பேரை முதல்ல போடு."

சரி. போடுறேன்.

இனிமே இந்த பாட்காஸ்ட்ல ஒரு பாட்டைப் பத்திப் பேசினா, முதல்ல நோட்டீஸ் வாசிக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். வாசிச்சவங்க பேரை உறுதியாக் கண்டுபிடிக்காம அந்தப் பாட்டை எடுக்கறதில்லை. எபிசோட் தாமதமாகும். பொறுத்துக்கங்க. நீங்களும் உங்க ஊர்த் திருவிழாவுல "மற்றும் குழுவினர்" யாருன்னு தெரிஞ்சா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எங்களுக்கு எழுதுங்க.

பழைய எபிசோடுக்கான திருத்தத்தோட முடிச்சுக்கறேன். மாமா கேட்டுட்டு இருப்பார்.

"இளைய நிலா". படம், "பயணங்கள் முடிவதில்லை", 1982. குரல், எஸ்.பி.பாலசுப்ரமணியம். வரிகள், வைரமுத்து. இசை, இளையராஜா. கிட்டார், ஆர்.சந்திரசேகர்.